வேதக்காரரும் வேதச் சொற்களும்

யாழ்ப்பாணத்து ஊர்களிலே புதிதாய் வந்து குடியேறிய ஒருவரைப் பார்த்து, ‘நீங்கள் சைவமோ, வேதமோ?’ என்று வினாவும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வினாவுவோர் பெரும்பாலும் சைவர். வேதத்தையும் ஆகமத்தையும் தமக்கு முதனூல்களாகக் கொண்ட சைவர், வேதம் என்னும் பெயரைத் தாமே பிறர் கையிற் கொடுத்து, அவரை ‘வேதக்காரர்’ என்று அழைத்து, அவர்தம் ஆலயத்தை ‘வேதக் கோயில்’ என்றும் வழங்கி வருகின்றனர். வேதத்தை உடையோர் தாமே வேதம் அல்லாதோர் ஆயினர். இதனை நகைத்து விடுதல் எளிது. ஆனால் சொற்கள் எவ்வாறு வாழ்கின்றன, எவ்வாறு கைமாறுகின்றன என்பதை ஆராய விரும்புவார்க்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

அண்மைக் காலத்திலே இச்சொற்களைப் பற்றி இரண்டு குரல்கள் எழுந்துள்ளன. கிறிஸ்தவருள் ஒரு சாரார், ‘எமது சமயத்தையும் வழிபாட்டையும் குறிக்கத் திருநூலிற் கண்ட சொற்களே போதும்; வேதம், பூசை, குரு, அபிஷேகம் முதலியன பிற சமயத்துச் சொற்கள்; அவற்றை விலக்குதல் வேண்டும்’ என்கின்றனர். சைவருள் ஒரு சாரார், ‘அவை எம்முடைய சொற்கள், கிறிஸ்தவர் அவற்றைக் கவர்ந்து கொண்டனர்’ என்கின்றனர். ஒருவர் தள்ள முயல்கின்றார். மற்றவர் பறிக்க முயல்கின்றார். இருவரும் ஒன்றிலே உடன்படுகின்றனர். சொல்லுக்குச் சமயம் உண்டு என்பதே அது.

இதனை எழுதுவோன் சைவன். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். பிறர் சமயத்தின் உள்வீட்டுக் காரியத்திலே இவனுக்கு என்ன அலுவல் என்று வினாவின், விடை இதுவே: தமிழ்ச் சொல் எவர் நாவில் நின்றாலும் தமிழாசிரியனுக்கு அதன்பாற் கடப்பாடு உண்டு. தேசவழமைச் சட்டம் முதுசொம் என்றும் தேடியதேட்டம் என்றும் உடைமையை வகுக்கும். முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம்; மணவாழ்விலே தேடியது தேடியதேட்டம்; பின்னையதில் கணவன் மனைவி இருவர்க்கும் பங்கு உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழும் கிறிஸ்தவமும் கூடி வாழ்ந்த வாழ்விலே தேடிய சொற்கள் தேடியதேட்டமேயாம். அவற்றை ஒருவர் தனியே உரிமை கொண்டாடுதலும் தகாது. ஒருவர் தனியே எறிந்து விடுதலும் தகாது.

முதற்கண், திருநூற் சொற்களே போதும் என்பாரது கொள்கையை அத்திருநூலைக் கொண்டே நோக்குவோம். கிறிஸ்தவர் என்னும் பெயர் புதிய ஏற்பாடு முழுவதிலும் மூன்று இடங்களிலேதான் வருகின்றது. அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு இடம். பேதுருவின் முதலாம் நிருபத்தில் ஓரிடம். சீடருக்கு அப்பெயர் முதன்முதல் அந்தியோக்கியா நகரில் வழங்கலாயிற்று என்று அந்நடபடிகள் கூறும். அங்குள்ள சொன்னடையை நோக்கின், அஃது அவர்கள் தாமே சூடிக்கொண்ட பெயரன்று. ஊரார் இட்ட பெயர் என்றே கொள்ளக் கிடக்கின்றது. கிறிஸ்து என்னும் கிரேக்கச் சொற்கு அபிஷேகம் பெற்றவர் என்பது பொருள். அதனோடு இலத்தீன் விகுதி ஒன்று கூடி, இன்னாரைச் சேர்ந்தோர் என்னும் பொருளில் அப்பெயர் பிறந்தது. ஏரோதின் பக்கத்தாரை ஏரோதியர் என்றது போன்றதே இதுவும்.

அவர்கள் தம்மை எவ்வாறு அழைத்தனர் எனின், சீடர் என்றனர், சகோதரர் என்றனர், பரிசுத்தவான்கள் என்றனர், விசுவாசிகள் என்றனர். தமது சமயத்தை ‘வழி’ என்றனர். நடபடிகள் நூலிலே பலவிடத்தும் வரும் அச்சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பார் ‘மார்க்கம்’ என்று தமிழ் செய்தனர். அத்தமிழ் மிக அழகியது. தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என நான்கு வழி வகுத்தோர் சைவர். தம் சமயத்தை மார்க்கம் என்றே இன்றும் வழங்குவோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். நமது பாடசாலைகளிலே சைவ சமய பாடத்துக்குச் ‘சைவநெறி’ என்பதே பெயர். நெறியும் மார்க்கமும் வழியும் ஒன்றே. ஆகவே திருநூலுக்கு மிக அணுக்கமான சொல்லைத் தேடிச் சென்றால், அது பிற சமயத்தாரோடு மிக நெருங்கிய சொல்லாய் முடிகின்றது.

இன்னும், திருநூலில் இல்லாத சொல்லை விலக்குவதாயின் முதலில் விலக்க வேண்டியது திரித்துவம் என்னும் சொல்லாம். கிறிஸ்தவர்க்கு உயிர்நிலையான கொள்கையைக் குறிக்கும் அச்சொல் திருநூலில் ஓரிடத்தும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை என்னும் பெயரும் அதில் இல்லை. அப்பெயரை இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுத்தில் வழங்கியவர் அந்தியோக்கியாவின் ஆயராகிய இஞ்ஞாசியார். பொதுவானது, முழுமையானது என்பது அதன் பொருள். கிறிஸ்தவர் என்ற பெயர் பிறந்த ஊரினின்றே கத்தோலிக்கம் என்ற பெயரும் நமக்குக் கிடைத்தது. விவிலியம் என்னும் பெயரோ ‘நூல்கள்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அந்நூல்கள் தம்முள்ளே மறைநூலைக் குறிக்கப் பெரிதும் வழங்குவது ‘எழுத்துகள்’ என்னும் சொல்லேயாம்.

ஈண்டு ஒரு நயம் உண்டு. தமிழ்ச் சான்றோர் வேதத்தை ‘எழுதாக் கிளவி’ என்று வழங்கினர். எழுதப்படாது செவிவழி வந்தமையால் வேதத்துக்கு அது சிறப்பு. ‘எழுத்து’ என்பதே தன் பெயராகக் கொண்ட நூலுக்கு நம்மவர் ‘வேதம்’ என்னும் எழுதாக் கிளவியின் பெயரை வைத்தனர். அதனோடு அமையாது, சைவர் இரு வேறு நூற்றொகுதியாய்க் கொண்ட வேதத்தையும் ஆகமத்தையும் ஒன்றாய்ப் புணர்த்து ‘வேதாகமம்’ என்றனர். சொற்பொருள் நோக்கின் இது பொருந்தாது. ஆயினும் அதன் கருத்து விளங்குகின்றது. தமிழர் உள்ளத்திலே மிகவுயர்ந்த நூல் எதுவோ அதன் இடத்தில் இதனை வைக்க வேண்டும் என்பதே அது. பொருந்தாத சொல்லும் அன்பினாற் பொருந்துதல் உண்டு. 1876ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தொடங்கிய பத்திரிகையின் பெயரே ‘சத்தியவேத பாதுகாவலன்’ என்பதாம்.

இறைவன் பெயரை நோக்கின் இவ்வரலாறு இன்னும் தெளிவாகும். 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான் என்பது சைவ மடத்துத் துறவிக்கும் வழங்கும் பெயர். பின்னர் மதுரையில் வாழ்ந்த தத்துவபோதக சுவாமிகள் சருவேசுரன் என்றார். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் சருவேசுரன் என்பதையே வழங்கினார். பின்வந்த பப்பிரிசியசு ஐயர் பராபரன் என்றார். பவர் ஐயர் முதலானோர் திருத்தி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்புத் தேவன் என்றது. கத்தோலிக்கரும் ஏனைச் சபையினரும் கூடிச் செய்து 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ கடவுள் என்கின்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ‘இது பிறர் தெய்வத்தின் பெயரன்றோ’ என்னும் தடை எழுந்தது.

அத்தடைக்கு விடை திருநூலிலேயே உள்ளது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மொழியில் எழுதினோர் இறைவனைக் குறிக்கப் புதுச்சொல் ஒன்றையும் படைத்தாரல்லர். கிரேக்கர் தம் கோயிற் தெய்வங்களுக்கு வழங்கிய பொதுச் சொல்லையே எடுத்தாண்டனர். எபிரேய நூலாரும் அயல்நாட்டார் தெய்வங்களுக்கு வழங்கிய சொல்லைத் தம் இறைவனுக்கும் வழங்கினர். பிறர் சொல்லை எடுத்துத் தம் கருத்தால் நிரப்புதலே திருநூலாசிரியரின் நெறியாயிருந்தது. அந்நெறியைத் தமிழிலே பின்பற்றினாரை, திருநூலின் பெயராலேயே குறைகூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, கிறிஸ்தவர் எம் சொற்களைக் கவர்ந்தனர் என்னும் சைவரை நோக்கி ஒரு சொல். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் கிறிஸ்தவ வேதத்தை மொழிபெயர்த்தபோது அவர்க்கு அருகிருந்து தமிழ் வழங்கியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குள் நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி விட்டார்கள். ஒரு கையாற் கிறிஸ்தவ வேதத்துக்குத் தமிழ் கொடுத்து, மறுகையாற் சைவத்துக்கு அரண் அமைத்த பெருந்தகை அவர். கொடுத்ததைக் களவு போயிற்று என்று அவர் ஓரிடத்தும் முறையிட்டதாக யாம் அறியோம்.

அதுமட்டுமன்று. 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலிலே நாவலரவர்கள், பாதிரிமார் இகழ்ந்த சைவக் கிரியைகளுக்கு ஒப்பானவை அவர்தம் பழைய ஏற்பாட்டிலேயே உள்ளன என்று எடுத்துக் காட்டினார்கள். தீபம், தூபம், நைவேத்தியம், அபிஷேகம், திருவிழா என்பவற்றுக்கு இஸ்ரவேலர் ஆலயத்திலும் ஒப்புமை உண்டு என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் நிகழ்தற்கு வழி செய்தது எது? இருசாரார்க்கும் பொதுவான சொற்களே. அபிஷேகம் என்னும் ஒரு சொல் இருபக்கமும் நின்றமையாலன்றோ, இரண்டையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுக்க முடிந்தது? சொற்கள் முற்றும் வேறாயின் வாதமும் இல்லை. அயலவர் ஒருவரை ஒருவர் அறிதலும் இல்லை.

ஆயின் எச்சொல்லும் தக்கதே என்பது எம் கருத்தோ? அன்று. சொல்லைத் தேர்தற்கு அளவைகள் உள. மூலத்தின் பொருளை அது தாங்குகின்றதா என்பது ஒன்று. மக்கள் வாழ்வு அச்சொல்லில் ஏற்றிய பொருள் அதற்குத் துணையா, பகையா என்பது மற்றொன்று. அச்சொல்லைக் கொண்டு ஒருவன் நெஞ்சுருகி வேண்ட முடியுமா என்பது மூன்றாவது.

ஆவி என்னும் சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். மூலமொழிகளில் அச்சொற்குக் காற்று, மூச்சு, உயிர் என்னும் பொருள்கள் உள. தமிழில் ஆவியும் மூச்சு, ஆவியும் உயிர். பேயையும் ஆவி என்பர் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்துக்காக இத்துணைப் பொருத்தத்தை இழத்தல் கூடாது. மீட்பு என்பதும் அத்தகைய சொல். ஈடு வைத்த நகையை மீட்டல், ஒற்றி வைத்த காணியை மீட்டல் என்பன நம்மவர் வீடுதோறும் அறிந்த துன்பமும் இன்பமும். விலை கொடுத்து விடுவித்தல் என்னும் மூலப்பொருளை இதனினும் நன்கு உணர்த்தவல்ல சொல் யாது? சபை என்பதும் பழுதற்றது. மூலச்சொல் கூடிய மக்களைக் குறிக்குமேயன்றிக் கட்டடத்தைக் குறியாது. ஆங்கிலர் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்து மயங்குவர். தமிழர்க்கோ மக்கள் கூடியது சபை, கூடும் இடம் கோயில்.

வாழ்வு பகையாகிய சொற்களும் உள. ஆயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு மேனின்று நோக்குவோன் என்பது நேர்ப்பொருள். பழைய மொழிபெயர்ப்பார் அதனைக் ‘கண்காணி’ என்றனர். சொல்லிலக்கணம் நோக்கின் இதிற் குற்றம் காண இயலாது. ஆனால் இலங்கை மலைநாட்டிலே கங்காணி என்றால் யார்? தோட்டத் தொழிலாளரை முற்பணக் கடனாற் பிணித்து, தமிழ்நாட்டினின்று அழைத்து வந்து, வேலைத்தலத்திலே அவர்மேல் அதிகாரம் செலுத்தியவன். அவனைக் கண்டு நடுங்கிய தாய்க்கு, ‘உன் சபையின் கண்காணி’ என்று ஒருவரைக் காட்டினால் அவள் உள்ளத்தில் எழுவது அன்போ, அச்சமோ? ஆயர் என்பது நேர்மொழிபெயர்ப்பு அன்று. எனினும் மந்தையைக் காப்பவன் என்னும் திருநூற் கருத்தை அது கொண்டுள்ளது. நேரான சொல் தோற்க, நேரல்லாத சொல் வென்றமைக்கு இது சான்று.

ஊழியம் என்பதன் வரலாறோ மறுதலையானது. ஒல்லாந்தர் காலத்திலே இந்நாட்டுச் சோனகர்மேலும் செட்டிகள்மேலும் சுமத்தப்பட்ட கட்டாய வேலைக்கு ஊழியம் என்று பெயர். அத்துணைக் கசப்பான சொல்லை இன்று சபையார் மகிழ்ந்து வழங்குகின்றனர். தாமே உவந்து ஏற்ற தொண்டு அக்கசப்பைக் கழுவி விட்டது. வாழ்வு கெடுத்த சொல்லை வாழ்வே திருத்தவும் வல்லது.

இங்கே பெரிதும் கவலை தருவது ஒன்றுண்டு. பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மூன்று பண்புகள் வரிசையாய் நிற்கும். புதிய மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என அவை நிற்கும். முன்னதில் இரண்டாம் பண்பைக் குறித்த நம்பிக்கை, பின்னதில் முதற் பண்பைக் குறிக்கின்றது. ஒரு வீட்டிலே பாட்டி பழைய நூலையும் பேரன் புதிய நூலையும் கையில் வைத்துக்கொண்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசினால், இருவரும் ஒரு சொல்லையே சொல்லி இருவேறு பொருளை உள்ளத்திற் கொள்வர். சொல் வேறுபட்டால் ஐயுற்று வினாவலாம். சொல் ஒன்றாயிருந்து பொருள் வேறுபட்டால் ஐயமும் எழாது. வடசொல் என்னும் ஒரு காரணத்தால் விசுவாசத்தை நீக்கியது எமக்கு உவப்பாகவில்லை. நன்றி மறவாத நாயையும் விசுவாசமுள்ளது என்போம். நம்புதல், நம்பத்தக்கவனாய் நிற்றல் என்னும் இரண்டையும் மூலச்சொல் குறித்தது போலவே, விசுவாசமும் இரண்டையும் குறிக்க வல்லது. தமிழ் வழக்கில் ஊறிய சொல்லைப் பிறப்பு நோக்கித் தள்ளுதல், மனிதரைப் பிறப்பு நோக்கித் தள்ளுவதற்குப் பெரிதும் வேறானதன்று.

ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. பூசை திருப்பலியாயிற்று. முழுக்கு என்பது மூலச்சொற்கு மிக நேரானது. தோய்த்தல், மூழ்குவித்தல் என்பதே அதன் பொருள். ஆயினும் குழந்தையின் உச்சியிலே நீர் வார்க்கும் சபையிலும் முழுக்கு என்றே வழங்குதலால், சொல் ஒன்றும் செயல் ஒன்றுமாய் நிற்கின்றன. ஞானஸ்நானம் என்பதில் மூலத்தில் இல்லாத ஞானம் கூடியிருப்பினும், செயலோடு அது முரணவில்லை. பலி என்னும் சொல்லோ கிராமத்திலே வேள்விக் கிடாயை நினைப்பிக்கும். திரு என்னும் அடையினால் அந்நினைவு தீர்ந்தது. எனினும் நம் ஊர்களிலே கத்தோலிக்க மூதாட்டியர் இன்றும் ‘பூசைக்குப் போறம்’ என்றே சொல்கின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியதன் பின்னரே வழிபாடு முழுமையாய்த் தமிழுக்கு வந்தது. அதற்கு முன்னமே பூசை என்னும் தமிழ் வழக்கு அவர்கள் வாயில் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

பழைய கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களும் இவ்வாறே எண்ணத்தக்கன. பவுல் என்னும் இலத்தீன் பெயர்க்குச் சிறியவன் என்பது பொருளாதலாற் சின்னப்பர் என்றனர். ஸ்தேவான் என்பதற்கு முடி என்பது பொருளாதலால் முடியப்பர் என்றனர். யோவான் என்பதில் இறைவன் அருள் என்னும் பொருள் உண்மையால் அருளப்பர் என்றனர். பொருளறிந்து பெயர்த்த புலமை இது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் சூசையப்பரை வளன் என்றதும் இம்மரபினதே. சின்னப்பு, அருளப்பு என்னும் பெயர் தாங்கிய முதியோரை அறியாத ஊர் யாழ்ப்பாணத்தில் அரிது. அவர்தம் பேரப்பிள்ளைகளோ போல் என்றும் ஜோன் என்றும் வழங்கப்படுகின்றனர். திருநூற் பெயர்க்கு மீண்டனர் என்று எண்ணுவர்; மீண்டது ஆங்கிலத்துக்கேயாம்.

இதுவே இன்றைய உண்மையான இழப்பு. வேதமா விவிலியமா என்று நாம் வழக்காடும் வேளையிலே, சேர்ச் என்றும் பாஸ்டர் என்றும் வேர்ஷிப் என்றும் சொற்கள் வாயில் வழியே வந்து அமர்ந்து விட்டன. அவை திருநூற் சொற்களுமல்ல, தமிழ்ச் சொற்களுமல்ல. போதகர், மேய்ப்பர், ஆராதனை, வழிபாடு என்னும் சொற்கள் இருக்கும்போது அவற்றால் வந்த ஊதியம் யாது?

ஆகலின் எம் கருத்து இது. பாடநூல் எழுதுவோர் பழஞ்சொல்லையும் புதுச்சொல்லையும் அருகருகே தந்து, இரண்டும் ஒன்றே என மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். கத்தோலிக்க மாணவனும் ஏனைச் சபை மாணவனும் சைவ மாணவனும் ஒருவர் சொல்லை ஒருவர் அறியும் வண்ணம் சிறு சொற்றொகுதி ஒன்று ஆக்கப்படுதல் நன்று. முதியோர் செபத்தைத் திருத்துதல் ஒருவர்க்கும் வேண்டா. மரணப் படுக்கையிலே ஒரு முதியவர் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று முணுமுணுப்பாராயின், அருகிருப்போர் அதனைத் தூய ஆவி எனத் திருத்த முற்படாதொழிக. அச்சொல்லிலே அவர் ஓர் ஆயுளை வைத்திருக்கின்றார்.

முடிவாக ஒன்று. திருநூல் கிறிஸ்தவர்க்குத் தந்த பெயர்களுள் அடிக்கடி வருவது சகோதரர் என்பது. மற்றெச்சொல்லையும் மொழிபெயர்ப்பார் பலமுறை மாற்றினர். இச்சொல்லை மாற்ற வேண்டிய இடர் அவர்க்கு நேர்ந்ததில்லை. பொருளில் ஐயமில்லாத சொல் இது. ஆயினும் இந்நாட்டுச் சபைகளின் வரலாற்றிலே சாதிக்கொரு இருக்கையும் சாதிக்கொரு கோயிலும் இருந்தமை மறைக்கத்தக்கதன்று. அதனைச் சொல்லிக் காட்டும் உரிமை சைவர்க்கும் இல்லை. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அடைத்து நின்றோரும் சிவனடியார் என்னும் பெயரையே பூண்டிருந்தனர். அடியார் என்ற பெயரும் சகோதரர் என்ற பெயரும் மொழிபெயர்ப்பாற் கெடவில்லை; நடக்கையாற் கெட்டன. அந்தியோக்கியாவின் ஊரார் ஒரு கூட்டத்தார் வாழ்ந்த வாழ்வைக் கண்டு அவர்க்குப் பெயரிட்டனர். பெயர் பின்னே வந்தது. வாழ்வு முன்னே சென்றது. அம்முறை மாறாதிருக்குமாயின் வேதம் என்றாலும் தகும். விவிலியம் என்றாலும் தகும்.